ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

பிப்ரவரி 3, செவ்வாய்

இரண்டு கையிலும் தடுப்பூசி. இடது கை பரவாயில்லை. வலது கை வீங்கிப்போய் ஸ்பேனரைப் பிடிக்க மாட்டேன் என்கிறது.

பெரியவர் சிரிக்கிறான். இருபத்தெட்டு வயதிலேயே தலை முழுக்க நரைத்துவிட்டதால் கம்பெனியில் அவனுக்கு அந்தப் பேர். லிஃப்ட் ரிப்பேருக்கு எங்கே போனாலும் நானும் அவனும்தான் ஜோடி. "அண்ணே, காட்டுல போய் எந்த லிஃப்டைச் சரி பண்ணப் போறீங்க? மரத்துக்கா?"

லிஃப்ட் இல்லை, தண்ணீர் பம்ப். அடிபட்ட காட்டு விலங்குகளை வைத்துப் பராமரிக்கிற முகாம். ஆற்றிலிருந்து தண்ணீர் ஏற்ற ஒரு பம்ப், ஒரு கிழட்டு ஜெனரேட்டர், வெயிலில் சார்ஜ் ஆகும் பேட்டரிகள். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தார்கள். இரண்டரை மாதம். சம்பளம் கிடையாது, கூடாரமும் சாப்பாடும் உண்டு.

என் மனைவி போன அதே முகாம்தான். சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். கால்நடை மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள் லீவு போட்டுவிட்டுப் போனாள், மூன்று வருடத்துக்கு முன்னால். ஒரு மதியம் ஆற்றுப் பக்கம் போனவள் திரும்பி வரவில்லை. தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் என்றால் ஒன்றுமே இல்லை.

நான் தேடப் போகவில்லை. வேலைக்குப் போகிறேன்.

யாரிடம் சொல்கிறேன் இதை?

பிப்ரவரி 5, வியாழன்

அத்தை இன்றும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் கிளம்பும்போது, "அம்மாவைக் கொஞ்ச நாள் பாத்துக்கோ" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. மாமியாரும் மருமகனும் ஒரே வீட்டில், ஒருத்தருக்கொருத்தர் விருந்தாளி மாதிரி. நான் வந்தால் அவர் எழுந்து நிற்பார், அவர் எழுந்ததைப் பார்த்து நானும் உட்கார மாட்டேன்.

இன்று துணி சோப்பு வாங்கி வந்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இது பாப்பாவுக்குப் பிடிக்காதே" என்று மகளின் செல்லப் பேரைச் சொல்லி அலமாரியில் பின்னால் தள்ளி வைத்தார். பிடிக்காது. பிடிக்காதாம். இன்றைக்கும்.

சாயங்காலம் பார்த்தால் பழைய ஜன்னல் திரையை வெட்டி, கயிறு போட்டு இழுக்கிற மாதிரி சின்னச் சின்னப் பைகளாகத் தைத்துக்கொண்டிருக்கிறார். யாருக்கு என்று கேட்டதற்கு, "போகாதீங்கன்னா கேக்கவா போறீங்க? மருந்து தனியா, துணி தனியா வைங்க" என்றார், மெஷினைப் பார்த்தே.

பிப்ரவரி 8, ஞாயிறு

முதல் மாத்திரை. மலேரியா வராமலிருக்க. வாரத்துக்கு ஒன்று, கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே தொடங்க வேண்டுமாம், உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க. ஊசி போட்ட டாக்டர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமைன்னு வச்சுக்கங்க, மறக்காது. சிலருக்குக் கனவு கொஞ்சம் பலமா வரும். தொந்தரவா இருந்தா உடனே வந்து சொல்லுங்க, வேற மாத்திரை இருக்கு."

எனக்குக் கனவே வருவதில்லை டாக்டர் என்றேன். உண்மைதான். மூன்று வருடத்தில் அவள் ஒரு தடவைகூட வந்ததில்லை. தூங்கப் போகும்போது வா வா என்று கூப்பிட்டிருக்கிறேன். வந்ததில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

வந்தாள்.

பிப்ரவரி 11, புதன்

நேற்று எழுதக் கை ஓடவில்லை. கனவில் கட்டில் மேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பை கட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருக்கிறாள், ஆஸ்பத்திரியில் போடுகிற பச்சைக் கோட்டோடு. காலை ஆட்டிக்கொண்டே. நான் வைத்த துண்டை எடுத்து விரித்துப் பார்த்து, "இவ்ளோ பெரிய துண்டு எதுக்கு? அங்க காயவே காயாது. பாதியா வெட்டு" என்றாள்.

அவ்வளவுதான். எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. துண்டைப் பற்றித்தான் இரண்டு பேரும் பேசினோம்.

காலையில் எழுந்ததும் கத்தரிக்கோலை எடுத்துத் துண்டைப் பாதியாக வெட்டினேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

முகாம் தலைவி போன் செய்தார். அறுபது வயதிருக்கும், சரளைக்கல் குரல். எங்கள் இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒரு மொழியில் பேசிக்கொள்கிறோம், அதனால் வளவளப்புக்கு வழியில்லை. பெட்டி கூடாது, மெத்தென்ற பைதான். ஜீப்பின் தலையில் கட்ட வேண்டும். வாசனை சோப்பு கூடாது. காலையில் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டாமல் கால் நுழைக்கக் கூடாது. கழிப்பறை என்றால் குழி. போய் முடித்ததும் ஒரு கரண்டி சாம்பல் போட வேண்டும். பல் டாக்டரிடம் போக ஒரு பகல் முழுக்கப் பயணம், அதனால் பல்லை இப்போதே காட்டிவிடு. ஆற்றுக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது. இரண்டு பேர், ஒரு விசில். ஒருத்தர் வேலை செய்தால் இன்னொருத்தர் கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"இந்தக் கட்டுப்பாடு எப்பலேருந்து?" என்று கேட்டுவிட்டேன்.



"உங்க மனைவிக்கு அப்புறம்" என்றார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இரண்டாவது மாத்திரை. சின்னப் பிள்ளை மிட்டாய்க்குக் காத்திருக்கிற மாதிரி இந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

பிப்ரவரி 18, புதன்

நேற்று மறுபடி வந்தாள். என் நீலச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டாள். "நீலத்துக்கு ஈ தேடி வந்து கடிக்கும். மண்ணு நிறத்துல எடுத்துக்கோ." டாக்டர் கொடுத்த காகிதத்தில் இதெல்லாம் போட்டிருந்திருக்கும். படித்து மறந்திருப்பேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இன்று அத்தை பாதித் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"புதுத் துண்டை எதுக்கு மாப்ள வெட்டுனீங்க?"

"பெரிசா இருந்தா அங்க காயாதாம்."

"யாரு சொன்னா?"

டாக்டர் என்று சொல்லியிருக்கலாம். "அவதான்" என்று வாயில் வந்துவிட்டது.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். என் முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அழுவார் என்று நினைத்தேன். "எப்போ?" என்று கேட்டார், ஏதோ அவள் போனில் பேசியதைச் சொன்ன மாதிரி. மாத்திரை, கனவு, ஜன்னல் திட்டு, பச்சைக் கோட்டு என்று எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

"முடி நரைச்சிருந்துச்சா?"

"அத்தை?"

"பாப்பாவுக்கு மாப்ள. எங்க வீட்டுல எல்லாருக்குமே நாப்பது ஆனா காதோரம் நரைச்சுடும். போறப்ப அவளுக்கு முப்பத்தெட்டு. இப்ப நரைச்சிருக்கணும்."

"கவனிக்கல."

"அடுத்த தடவை பாருங்க."

துண்டின் வெட்டிய ஓரம் பிரியாமல் தைத்துத் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என் மாத்திரை டப்பாவையும் எடுத்தார். "அங்கங்க கிடக்க வேணாம். என் மாத்திரையோட சேத்து வைக்கிறேன்."

பிப்ரவரி 20, வெள்ளி

காலையில் பல் அடைத்துக்கொண்டேன். "அடைக்காம போயிருந்தீங்கன்னா அங்க யானைதான் வந்து புடுங்கியிருக்கணும்" என்றார் பல் டாக்டர். சிரிக்க முடியவில்லை, வாய் மரத்திருந்தது.

மதியம் நடந்ததை எழுதலாமா வேண்டாமா?

பத்து மாடிக் கட்டிடம். லிஃப்ட் கூரை மேல் நானும் பெரியவரும், பொத்தான் அவன் கையில். ஒவ்வொரு மாடிக் கதவிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. மெதுவாக ஏற்றினான். மூன்றாவது மாடியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சைக் கோட்டு. யாரோ லிஃப்டுக்குக் காத்திருக்கிறார்கள். நான்காவது மாடியிலும் பச்சைக் கோட்டு. ஐந்தாவதிலும். எங்களைவிட வேகமாகப் படி ஏறி ஏறி வந்து நிற்கிற மாதிரி. ஆறாவது மாடி வரும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கை எங்கே போனது என்று தெரியாது.

"அண்ணே கை! கையை எடுங்க!"

நிறுத்திவிட்டான். என் விரல்களுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு துணி நுழையும், அவ்வளவுதான் இடம். கீழே கூட்டிக்கொண்டு வந்து டீ வாங்கிக் கொடுத்தான்.

"என்னாச்சுண்ணே உங்களுக்கு? ஒரு வாரமா ஆளே சரியில்ல. டாக்டரைப் பாருங்க. இல்லேன்னா நான் சூப்பர்வைசர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். என் பொண்ணுக்கு அப்பன் வேணும்."

திங்கட்கிழமை போகிறேன் என்று சொன்னேன். போக மாட்டேன். போனால் மாத்திரையை மாற்றிவிடுவார். மாற்றினால்—

பிப்ரவரி 21, சனி

பார்த்தேன். கறுப்பு. ஒரு இழைகூட நரைக்கவில்லை. போன அன்றைக்குப் பின்னியிருந்த அதே பின்னல்.

காலையில் அத்தை சமையலறை வாசலில் நின்றார். "பாத்தீங்களா?"

"முகம் தெரியல அத்தை. இருட்டா இருந்துச்சு."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத முகம் என்று அவள் எப்போதும் கேலி செய்வாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மாத்திரையை அத்தையே எடுத்து வந்து கொடுத்தார், தண்ணீரோடு. கொசுவலையை மருந்துத் தண்ணீரில் முக்கி மொட்டைமாடியில் காயப் போட்டோம். ஆளுக்கொரு முனை பிடித்து உதறினோம். வலைக்கு அந்தப் பக்கம் அத்தையின் முகம் புகை மாதிரி தெரிந்தது. அவர் ஏதோ முணுமுணுத்தார். என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

அத்தை ஆஸ்பத்திரியில்.

காலையில் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாங்க. கூப்பிட்டா பதில் இல்ல. உடம்பு ஜில்லுன்னு. நாடி இருக்கா இல்லையான்னே தெரியல எனக்கு, விரல் எங்க வைக்கணும்னுகூடத் தெரியல. அவளா இருந்தா தெரிஞ்சிருக்கும். கீழ்வீட்டுக்காரர் கார் எடுத்தார்.

இதயத் துடிப்பு ரொம்பக் குறைந்துவிட்டது என்றார்கள். ஏதேதோ ஒயர் மாட்டினார்கள். "வழக்கமா போடுறது தவிர வேற ஏதாவது மாத்திரை போட்டாங்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை, அவங்க இதய மாத்திரை மட்டும்தான் என்றேன், அடித்துச் சொன்னேன்.

அத்தை கண்ணைத் திறக்காமலே பேசினார். "மருமகன் மாத்திரை."

"எத்தனை பாட்டி?"

மூன்று விரலைக் காட்டினார். பிறகு என் பக்கம் தலையைத் திருப்பி, "ஒன்னுல வரல" என்றார்.

வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டேன். திட்டத்தான் தோன்றியது. ஆனா எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? நானும் அதுக்குத்தானே போட்டேன்? காய்ச்சல் வராம இருக்கவா போட்டேன்?

பிப்ரவரி 26, வியாழன்

துடிப்பு ஒழுங்காகிவிட்டது. நாளை மறுநாள் வீட்டுக்கு விடுவார்கள். ஜன்னலோரக் கட்டில். நான் போனபோது உட்கார்ந்திருந்தார். எழுந்து நிற்க முயலவில்லை. நானும் பக்கத்தில் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்தேன்.

"வந்தா மாப்ள."



"அஞ்சு வயசு இருக்கும். ஏதோ கடைத்தெரு, சரியான கூட்டம். நடுவுல நின்னுக்கிட்டு ஒவ்வொரு பொம்பளை மூஞ்சியா அண்ணாந்து பாக்குறா. அழல. நான் ஓடிப்போய்க் கையைப் புடிச்சேன். உதறிட்டா. 'எங்கம்மாவைத் தேடுறேன்'னா. நான்தான்டி உங்கம்மான்னேன். ஏற இறங்கப் பாத்தா என்னை. 'இல்ல, எங்கம்மாவுக்கு முடி கறுப்பு'ன்னுட்டா. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பி வேற யாரையோ பாக்க ஆரம்பிச்சுட்டா."

தலையில் கை வைத்துத் தன் முடியைத் தடவிக்கொண்டார். மொத்தமும் வெள்ளை. இந்த மூன்று வருடத்தில் வெளுத்தது.

"உங்ககிட்ட வந்தவளுக்கும் கறுப்புதானே?"

இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. "ஆமா அத்தை."

"ம்."

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, "அவளுக்கு வயசாகல மாப்ள" என்றார்.

பார்வையாளர் நேரம் முடிகிற மணி அடித்தது. நர்ஸ் ஒருத்தி வந்து ஒயர்களைக் கழற்றினாள். அவள் போனபின் அத்தை, "பாப்பாவுக்கு அந்தப் பச்சை எடுப்பா இருந்துச்சு" என்றார்.

இருந்துச்சு. இவ்வளவு நாளும் அவர் வாயில் 'இருக்கு'தான்.

மார்ச் 1, ஞாயிறு

நேற்று அத்தையை வீட்டில் சேர்த்துவிட்டு டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், லிஃப்டில் நடந்ததையும் சேர்த்து. வாங்கிக் கட்டிக்கொண்டேன். "உங்களுக்கு ஒரு கை போயிருக்கும், அந்தம்மாவுக்கு உயிரே போயிருக்கும். கனவு வந்தா சொல்லுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!" மிச்ச மாத்திரைகளை வாங்கிக் கழிவு டப்பாவில் போட்டார். வேறொன்று எழுதிக் கொடுத்தார். தினமும் ஒன்று, கிளம்புவதற்கு முதல் நாளிலிருந்து. இதில் கனவு வராதாம். பழையது உடம்பைவிட்டுப் போகக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை லிஃப்ட் பக்கமே போகக் கூடாதாம்.

இன்று ஞாயிறு. தண்ணீர் மட்டும் குடித்தேன்.

மார்ச் 3, செவ்வாய்

வந்தாள். இந்தத் தடவை என் பை இல்லை, அவள் தன் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டி நின்றாள். துணி, மருந்து, டார்ச் எல்லாம் வைத்து ஜிப்பை இழுத்தாள். விசில் எடுத்துக்கோ என்றேன். திரும்பவில்லை. விசில் எடுத்துக்கோடி, விசில், விசில் — தொண்டை கிழியக் கத்தினேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டுப் போனாள், அறையில் யாருமில்லை என்கிற மாதிரி.

மார்ச் 5, வியாழன்

வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

வரவில்லை. இரண்டாவது தடவையும் போய்விட்டாள். முதல் தடவையாவது தேட ஆள் போனார்கள்.

பயணத்தை ரத்து செய்யலாம் என்று அத்தையிடம் சொன்னேன். உங்களைத் தனியாக விட்டுவிட்டு எப்படி என்றேன்.

"நீங்க இங்க உக்காந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா எனக்கு உடம்பு தேறிடுமா? தங்கச்சியை வரச் சொல்லியாச்சு. கிளம்புங்க."

"தேடப் போகல அத்தை."

"தேடுங்க, தேடாம இருங்க. வந்து எனக்கு எதையும் சொல்ல வேணாம்." எழுந்து உள்ளே போனவர் கதவுக்குப் பின்னாலிருந்து, "ஆத்துக்குத் தனியாப் போகாதீங்க" என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

சின்னத்தை வந்துவிட்டார், மூன்று பைகளும் மூடாத வாயுமாக. வந்த அரை மணி நேரத்தில் என் பையைப் பிரித்துப் பார்த்து, "இவ்ளோதானா? காட்டுக்குப் போறவரு கத்திகூட எடுக்கலையே!" என்றார். கத்தி அடியில் இருக்கிறது.

கடைசியாகப் பை கட்டியது நானும் அத்தையும்தான். மண் நிறத்தில் சட்டைகள். கால்சட்டைக்குள் ஒட்டுண்ணி ஏறாமல் கட்டிக்கொள்ளப் பட்டைத் துணி. இன்னொரு மூக்குக்கண்ணாடி. வயிற்றுப்போக்குக்கு உப்புப் பொட்டலம், தண்ணீர் சுத்தம் செய்யும் வடிகட்டி, தலையில் மாட்டும் டார்ச், ஊசி நூல். பம்புக்கு ரப்பர் வாஷர் பல அளவில், பிசின் டேப் நான்கு சுருள். எல்லாம் அத்தையின் திரைத்துணிப் பைகளுக்குள். பூட்ஸ் புதிது என்று பத்து மாடிக் கட்டிடத்தில் தினமும் படி ஏறி இறங்கிப் பழக்கியிருக்கிறேன். "லிஃப்ட்காரர் படியில போறாரு, லிஃப்ட்டு விளங்கின மாதிரிதான்" என்று வாட்ச்மேன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறான்.

பெரியவர் வழியனுப்ப வந்தான். ஒரு விசில் கொடுத்தான். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது நாங்கள் வைத்துக்கொள்கிற அதே விசில். "ஊதினா நான் வந்துட மாட்டேன். ஆனா ஊதுங்க."

மார்ச் 13, வெள்ளி

முகாம். வண்டி மாறி வண்டி, கடைசியில் ஜீப். உடம்பில் குலுங்காத எலும்பு இல்லை.

தலைவி படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். கை குலுக்கிவிட்டு முதலில் கேட்டது: "அவங்க இருந்த கூடாரம் வேணுமா, வேற வேணுமா?" வேறு என்றேன். அவள் கூடாரம் என் கூடாரத்திலிருந்து தெரிகிறது. அதில் இப்போது தீவன மூட்டைகள்.

சமையல்காரர் என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு விடவே இல்லை. தலைவிதான் அவர் பேச்சை எனக்குச் சொன்னார். 'டீக்கு வந்துடுறேன்'னு சொல்லிட்டுப் போனாங்களாம். இன்றைக்கும் மதியம் டீ போடும்போது அவர் ஆற்றுப் பாதையை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார். நானே பார்த்தேன்.

ஆற்றில் முதலை உண்டு என்று எனக்குத் தெரியும். என் முன்னால் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை.

மார்ச் 16, திங்கள்

பம்பின் உறிஞ்சுகுழாய் ஆற்றுக்குள் இருக்கிறது. வலையில் சருகும் சேறும் அடைத்துக்கொள்கின்றன. தினமும் காலையில் இறங்கி எடுக்க வேண்டும். தேட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவனுக்குத் தினமும் நிற்கக் கிடைத்த இடம் அதே தண்ணீர். முழங்கால் வரைக்கும். பழுப்பு நிறம், என் கால் விரல்கூடத் தெரியாது.

ஒரு கொக்கு அக்கரையில் நின்று என்னையே பார்க்கிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

மார்ச் 29, ஞாயிறு

இன்று கரையில் காவல் நின்றது தலைவி. வலையைச் சுத்தம் செய்து முடித்தேன். பம்ப் பிடித்துக்கொண்டது, மேலே தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது. கரையேற மனம் வரவில்லை.

"கொஞ்ச நேரம் நான் இங்க தனியா நிக்கலாமா? நீங்க மேல போங்க. சீக்கிரம் வந்துடுறேன்."

"முடியாது."

"ஒரு அஞ்சு நிமிஷம்."

"ஒரு தடவை விட்டேன்" என்றார். தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விசில் அவர் உதட்டிலேயே இருந்தது, பேசும்போதுகூட.

அவர் மேல் இத்தனை வருடம் எனக்கு ஒரு கோபம் இருந்தது. பெரிதாக, கல் மாதிரி. அதை அவரிடம் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் எங்கே காட்டுவது? அங்கே இடமே இல்லை, ஏற்கெனவே அவரே நிரப்பி வைத்திருக்கிறார்.

கரையேறி அவர் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தோம். அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் பெயரை ஒரு தடவை சொன்னேன், கூப்பிடுகிற மாதிரி இல்லை, சும்மா. தலைவியும் சொன்னார். அவர் நாக்குக்கு அது சரியாக வரவில்லை. சரியாக வரும் வரை திருத்திக் கொடுத்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

கால் ஒடிந்து வந்த மான்குட்டி இன்று தானே எழுந்து நின்றது. அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பிறகு ஜெனரேட்டருக்கு எண்ணெய் மாற்றப் போனேன்.

கனவு இல்லை.

மே 3, ஞாயிறு

மேட்டில் ஏறினால் போன் எடுக்கிறது. சின்னத்தை பக்கத்து வீட்டுப் பூனையில் ஆரம்பித்து எங்கெங்கோ போனார். கடைசியில் அத்தை வாங்கி, "சாப்பிடுறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "காலு கையெல்லாம் இருக்கா?" இருக்கிறது என்றேன். "சரி, வைக்கிறேன்." வைக்கவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டது. நானும் வைக்கவில்லை. லைன் தானாக அறுந்தது.

மே 27, புதன்

மதியம் வீடு வந்து சேர்ந்தேன். சாவி நுழையவில்லை. திருப்பிப் போட்டேன், ஊதிப் போட்டேன். மாடி தப்பி வந்துவிட்டேனோ என்று கதவு எண்ணைப் பார்த்தேன். எங்கள் வீடுதான்.

அதற்குள் அத்தை திறந்துவிட்டார். இளைத்திருக்கிறார், ஆனால் நிற்பதில் தெம்பு இருக்கிறது. சின்னத்தை போன வாரமே கிளம்பிவிட்டாராம், வீடு அமைதியாக இருந்தது.

"பூட்டை மாத்திட்டேன் மாப்ள. பழசு துருப்பிடிச்சுப் போச்சு. ஒரு நாள் நானும் தங்கச்சியும் வெளியிலயே நின்னோம்."

அந்தப் பூட்டை மாற்ற வேண்டும் என்று எத்தனையோ தடவை நான் சொல்லியிருக்கிறேன். "பாப்பாகிட்ட இந்தச் சாவிதானே இருக்கு?" என்பார். அதற்குமேல் பேச்சிருக்காது. எண்ணெய் விட்டு விட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம்.

ஆற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கருத்துப்போயிட்டீங்க என்றார். பூட்ஸை வாசலிலேயே விடச் சொன்னார். டீ போட்டுக் கொண்டுவந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

பிறகு மேசை மேல் ஒரு சாவியை என் பக்கம் நகர்த்தினார்.

"கடைக்காரன் மூணு குடுத்தான். இது உங்களுக்கு. ஒன்னு என்கிட்ட இருக்கு. இன்னொன்னக் கீழ்வீட்டுல குடுத்து வச்சிருக்கேன், அவசரத்துக்கு உதவும்."

"சரி அத்தை."

என் வளையத்திலிருந்து பழைய சாவியைக் கழற்றப் பார்த்தேன். வளையம் இறுகிப் போயிருந்தது, நகம் உள்ளே போகவில்லை. அத்தை தன் புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.